சான்றிதழ் சோறு போடாது

2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் செய்தியின் படத்தையும் எழுத்தையும் அடுக்கி கார்டு வடிவமைக்கும் நாற்காலியில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உட்கார முடிகிறதா?

ஒரகடம் ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகை உண்டு. ஊடகத்தில் கிராபிக் டிசைன் இன்டர்ன்ஷிப் என்றால் பல இடங்களில் சான்றிதழ் மட்டுமே. லேப்டாப்பும் சென்னை வாடகையும் சொந்தச் செலவு. சேரிப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

2019இல் ஆக்ஸ்பாம் இந்தியா–நியூஸ்லாண்ட்ரி ஆய்வு கணக்கெடுத்த 121 ஊடகத் தலைமைப் பொறுப்புகளில் 106 முற்பட்ட சாதியினரிடம். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. சம்பளமில்லாப் பயிற்சியில் வடிகட்டிவிட்டு, மேலே வந்து ‘திறமை’ தேடுகிறார்கள்.

சமூகநீதி பேசும் ஊடகங்களே, அடுத்த இன்டர்ன்ஷிப் அறிவிப்பில் உதவித்தொகை எவ்வளவு என்று எழுதுங்கள்.