பூட்டிய ஒளிபரப்பும் பிரஜையின் உரிமையும்

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்திலிருந்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர், அரசியலில் ஊக்கமுள்ளவர். டெலிவிஷன் விவாதங்களில் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகப் பேசுகிறவர்களின் வார்த்தைகளைப் பதிவு செய்து வைத்து, சமயம் வரும்போது எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகக் கேபிள் ஒளிபரப்பை வாங்கக்கூடிய சிறு கருவி ஒன்றைத் தமது வீட்டுக் கம்ப்யூட்டரில் பொருத்தினார். அலைவரிசைகளின் பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்தன. படம் மாத்திரம் வரவில்லை. மாதந் தவறாமல் சந்தா செலுத்தி வீட்டுக்குள் வரவழைத்த ஒளிபரப்பைத் தாம் பதிவு செய்துகொள்வது குற்றமா என்று கேட்கிறார்.

குற்றமல்ல என்பதே நமது பதில். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு 25 வருஷ காலத்துக்குத் தனி உரிமை அளிக்கிறது. ஆனால் ஒருவர் தமது சொந்த உபயோகத்துக்காகச் செய்துகொள்ளும் ஒலிப் பதிவும் காட்சிப் பதிவும் அந்த உரிமையை மீறியதாகா என்று 39-வது பிரிவு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஒளிபரப்பில் அடங்கிய சினிமா, பாட்டு முதலியவற்றையும் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கையாள 52-வது பிரிவு இடங்கொடுக்கிறது. 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் விதிப்பது உண்மையே; ஆனால் உரிமையை மீறும் நோக்கத்துடன் உடைத்தால்தான் அது குற்றம். பார்லிமெண்டு யோசித்துப் போட்ட வார்த்தைகள் இவை. ஆகவே சட்டப் புத்தகத்தில் அன்பரின் உரிமை பத்திரமாக இருக்கிறது. அவருடைய வீட்டில்தான் அது இல்லை.

காரணத்தைச் சொல்லுவோம். கேபிள் வழியே வரும் அலைவரிசைகள் குலைத்து அனுப்பப்படுகின்றன. அவற்றைத் திரும்பக் கோக்கும் திறவுகோல் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் திறவுகோலும் மறைபொருளாக அதே ஒயரில்தான் வருகிறது. அதைப் படிக்க வல்லது கேபிள் நிறுவனம் தந்த செட்டாப் பெட்டிக்குள் இருக்கும் அட்டையோ சில்லோ மாத்திரமே. பெட்டியிலிருந்து டெலிவிஷனுக்குச் செல்லும் ஹெச்டிஎம்ஐ ஒயரில் மற்றொரு பூட்டு. பெட்டியிலேயே பதிவு வசதி இருந்தாலும் பயனில்லை; அத்தகைய பெட்டிகளில் நகல் தடுப்பு முறை இருந்தே தீர வேண்டும் என்பது டிராய் 2017-ல் செய்த விதி. எஞ்சி நிற்பவை பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்கள். அவற்றை ஒரு பதிவுக் கருவி மூலம் கம்ப்யூட்டரோடு இணைத்தால் படம் விழும். தெளிவு குறைந்த படம், பதிவு முடியும் வரை அந்தப் பெட்டியில் வேறு அலைவரிசை பார்க்க முடியாது (இதற்கு வீட்டாரின் சம்மதம் வேண்டும், அது சட்டத்தைவிடக் கடினம்), நடுநடுவே சந்தாதாரரை அடையாளங் காட்டும் எண் ஒன்று பேச்சாளரின் நெற்றியிலேயே வந்து உட்காருவதும் உண்டு.

சென்னைவாசிகள் இந்தப் பூட்டுக்குப் புதியவர்கள் அல்லர். 2003-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி செட்டாப் பெட்டி முறை சட்டப்படி அமலுக்கு வந்தது நம் நகரத்தில்தான். ஆனால் அன்று பூட்டப்பட்டவை கட்டண அலைவரிசைகள் மட்டுமே. இலவச அலைவரிசைகள் திறந்தே வந்தன. 2011-ல் கேபிள் டெலிவிஷன் சட்டத்தைத் திருத்தியபோது, எந்த அலைவரிசையானாலும் பூட்டியே அனுப்ப வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கேபிள்காரர்கள் சந்தாதாரர் கணக்கைக் குறைத்துக் காட்டினார்கள். கணக்கு நேராக வேண்டும் என்றது சர்க்கார். அந்த நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. கணக்கு எடுப்பதற்காக விலையற்ற பொருளையும் பூட்ட வேண்டுமா என்பதே நமது கேள்வி.

தூர்தர்ஷனைப் பாருங்கள். 1975 ஆகஸ்டு 15 முதல் சென்னையில் நடந்து வரும் அந்த ஸ்தாபனம் ஜனங்களின் பணத்தில் நடப்பது. அதன் அலைவரிசைகளைக் கேபிள்காரர்கள் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. டிடி ஃப்ரீ டிஷ் மூலம் கூரைமேல் உள்ள தட்டில் சந்தாவும் பூட்டுமின்றி இறங்குகிற அதே தூர்தர்ஷன், தெருக் கேபிளில் வரும்போது பூட்டுடன் வருகிறது! பார்லிமெண்டு நடவடிக்கைகளைக் காட்டும் சன்சத் டிவியின் கதியும் இதுவே. தாம் அனுப்பிய பிரதிநிதி சபையில் பேசியதைத் தமது கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ள ஒரு பிரஜைக்குத் திறவுகோல் மறுக்கப்படுகிறது. சந்தா கட்டாதவனைத் தடுக்க வேறு வழியில்லை என்பார்கள். ஒயரைத் துண்டிப்பது என்ற வழி கேபிள் தோன்றிய நாளிலிருந்தே இருக்கிறது.

இது பொழுதுபோக்குச் சங்கதி என்று அரசியல் ஊழியர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. செய்தி அலைவரிசைகள் தாம் ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்கக் கடமைப்பட்டவை. அதன் பின் அழித்தாலும் கேட்பாரில்லை. யூடியூபில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அங்கே ஏற்றுகிறவரும் இறக்குகிறவரும் அதே நிறுவனத்தார் அல்லவா? கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில் (அன்வர் எதிர் பஷீர், 2014 செப்டம்பர்), பிரசாரப் பேச்சுகளும் பாட்டுகளும் அடங்கிய குறுந்தகடுகளைச் சட்டம் கோரும் சான்றுப் பத்திரம் இல்லை என்ற காரணத்தால் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதீய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவும் அத்தகைய பத்திரத்தைக் கேட்கிறது. தமது கம்ப்யூட்டரில் தாமே பதிவு செய்தவர் அந்தப் பத்திரத்தில் தைரியமாகக் கையெழுத்திடலாம். எவரோ அனுப்பிய துண்டுப் படத்தை நம்பிக் கோர்ட்டுக்குப் போகிறவரின் நிலை வேறு.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மாரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மையார் 1970-களின் இறுதியிலிருந்து 2012-ல் இறக்கும் வரை டெலிவிஷன் செய்திகளை வீட்டிலேயே பதிவு செய்து சுமார் 70,000 நாடாக்களை விட்டுச் சென்றார். பிற்பாடு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமே என்று 1984-ல் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கேபிளில் பூட்டு வந்த பிறகும், நிறுவனம் தரும் அட்டையைச் சந்தாதாரர் தமது சொந்தக் கருவியிலேயே பொருத்திக்கொள்ளும் ஏற்பாடு அங்கே பல வருஷம் இருந்தது. கம்ப்யூட்டரில் பதிவு செய்தவர்களும் அதனால்தான் செய்தார்கள். நிறுவனங்களின்மீது இருந்த அந்தக் கட்டாயத்தை 2020-ல் எடுத்துவிட்டார்கள். இதில் அமெரிக்காவைப் பின்பற்ற வேண்டாம்.

திருட்டுப் பிரதிக்காரர்களைத் தடுக்கவே பூட்டு என்ற வாதம் நமக்கு விளங்கவில்லை. புதுப் படம் வெளியான அன்றே அதை விற்கிறவன், அது கேபிளில் வரும் வரை காத்திருப்பதில்லை. பூட்டு தடுப்பது சென்னீர்குப்பத்து உபாத்தியாயரை.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. தூர்தர்ஷன், சன்சத் டிவி முதலிய பொது அலைவரிசைகளையும் மற்ற இலவச அலைவரிசைகளையும் கேபிளில் திறந்தபடி அனுப்புமாறு 4ஏ பிரிவைத் திருத்த வேண்டும். எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த நிறுவனத்தின் ஒளிபரப்புக்கும் பொருந்த வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் செய்த சிபாரிசை ஒளிபரப்பு மந்திரி அமலாக்க வேண்டும். நகல் தடுப்பு விதியில் 39-வது பிரிவுக்கு இடம் விட வேண்டும். நம் தொகுதி அங்கத்தினர்கள் இதைப் பார்லிமெண்டில் ஒரு கேள்வியாகவேனும் எழுப்புவார்களா?

அன்பருக்கு ஒரு வார்த்தை. திருட்டு அட்டை விற்கிறவர்களிடம் போக வேண்டாம். அது சந்தாவைத் திருடுவதாகும், 39-வது பிரிவு அதற்குத் துணை வராது. மஞ்சள் ஒயரைக் கழற்றாமல், பதிவு செய்த தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் உடனுக்குடன் குறித்து வைப்பாராக.