ஜனங்களின் சம்மதம் எங்கே?

நமது அரசியல் சட்டத்தை ஜனங்கள் எப்போது ஒப்புக்கொண்டார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவரைத் தேசத் துரோகி என்று ஏசி வாயடைப்பது சுலபம். ஆனால் அது ஜனநாயகத்துக்கு அழகன்று. கேள்வி நியாயமானது, விடை கூறுவது நமது கடமை.

1946-ம் வருஷத்தில் அரசியல் நிர்ணய சபைக்கு அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்தவை மாகாணச் சட்டசபைகள். அச்சட்டசபைகளுக்கு வோட்டுப் போட்டவர்களோ, சொத்தும் வரியும் படிப்பும் உடைய சிறுபான்மையோர். வயது வந்த அனைவரும் வோட்டளித்துப் புதிய சபை அமைய வேண்டுமென்று 1948 நவம்பரில் ஸ்ரீ தாமோதர் ஸ்வரூப் சேத் அச்சபையிலேயே வாதாடினார். மௌலானா ஹஸ்ரத் மோஹானியும் சபையின் அதிகாரத்தை மறுத்தார். ஆயினும், 1949 நவம்பர் 26-ந் தேதி சபையே சட்டத்தை ஏற்றது. பொதுஜன வாக்கெடுப்பு நடைபெறவில்லை. அமெரிக்காவில் 1787-ல் வகுத்த சட்டம் ராஜ்யந்தோறும் தனி மகாநாடுகளின் முன் வைக்கப்பட்டது. அங்கே எதிர்த்தவர்களின் பிடிவாதத்தாலன்றோ 1791-ல் பிரஜா உரிமைத் திருத்தங்கள் கிடைத்தன!

தேசம் துண்டுபட்டு, அகதிகள் லட்சக்கணக்கில் அலைந்த வேளையில் மற்றொரு சபைக்குக் காத்திருக்க முடியுமா என்பது மறுதரப்பின் வாதம். நகல் எட்டு மாதம் பொதுஜனங்களின் முன் இருந்ததே என்றும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் இங்கிலீஷில் இருந்த அந்த நகலைப் புதியம்புத்தூர்க் கரிசலில் ஏர் உழுத சம்சாரி எங்ஙனம் வாசித்திருப்பான்?

எனினும், அந்தச் சட்டமே அந்தச் சம்சாரிக்கு வோட்டைத் தந்தது. 1951-52 பொதுத் தேர்தலில் எழுத்தறியாதவனும் ஜமீன்தாருக்குச் சமமாக நின்று வோட்டளித்தான். ஒருநாள் வாக்கெடுப்பில் தராத சம்மதத்தை ஜனங்கள் தேர்தல்தோறும் தந்து வருகிறார்கள் என்பதே நமது துணிபு.

கிராம விஷயத்திலும் இரு தரப்பும் மோதின. நகலில் பஞ்சாயத்துக்கு இடமில்லை. கிராமம் அறியாமைக்கும் வகுப்புவாதத்துக்கும் உறைவிடம் என்று டாக்டர் அம்பேத்கர் அஞ்சினார். அந்த அச்சம் பொய்யன்று. காந்தியவாதிகளின் வற்புறுத்தலால் ஸ்ரீ கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம் 40-வது ஷரத்தாயிற்று. 1993-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தம், பஞ்சாயத்துக்கு ஐந்தாண்டுத் தவணை விதித்து, தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் ஸ்திரீகளுக்கும் ஸ்தானங்கள் ஒதுக்கியது. இரு தரப்பு நியாயங்களும் அதில் கைகோத்தன.

நடந்தது என்ன? 2016 அக்டோபரில் தவணை முடிந்த கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. 2025 ஜனவரியில் தூத்துக்குடி ஜில்லா உள்ளிட்ட பல ஜில்லாக்களில் மீண்டும் தவணை முடிந்தபோதும், தேர்தலுக்குப் பதில் தனி அதிகாரிகளே வந்தார்கள். தவணை முடியுமுன் தேர்தல் முடிய வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் தெளிவான ஆக்ஞை. ஆண்ட கட்சிகள் மாறின; அலட்சியம் மாறவில்லை. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தது, சுயராஜ்யம் டில்லியிலும் சென்னையிலும் மட்டும் குடியிருப்பதற்கா?

சம்மதம் கேட்கும் தவணையைத் தவறவிடும் சர்க்கார், அன்று எதிர்த்தவர்களின் வாதத்துக்குத் தானே சாட்சி சொல்கிறது. ஆகவே, கட்சி பேதமின்றி ஊழியர்கள் ஒவ்வொரு கிராம சபைக்கும் சென்று, தவணை தவறாத தேர்தல் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றக் கோருவார்களாக. கேட்டுப் பெறாத உரிமை ஏட்டுச் சுரைக்காயே.