திண்ணைப் பேச்சு: அம்மா அப்பாவை எந்த ஊரில் சந்திப்பது?



போன மாதம் டோர்ட்முண்டில் ஒரு பிறந்தநாள் வீடு. சாப்பாடு முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி பக்கத்தில் வந்து இருந்தா. "அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்" என்று தொடங்கினா. அவவுக்கும் கணவருக்கும் அகதி அந்தஸ்துக் கிடைத்து இரண்டு வருடம். கையில் நீலப் புத்தகம். பிள்ளைகள் இரண்டு. தாய் தகப்பன் சாவகச்சேரியில். அவர்களைக் கடைசியாகக் கண்டு எட்டு வருடம் ஆகிறது. சின்னவளை அவர்கள் ரெலிபோன் திரையில் மட்டும்தான் கண்டிருக்கிறார்கள்.

"ஒக்ரோபர் லீவிலை ரெண்டு கிழமை இருக்கு. அவையை எங்கையாவது ஒரு நாட்டுக்கு கூப்பிட்டு நாங்களும் போகலாம் எண்டு யோசிக்கிறம். தாய்லாந்தோ, மலேசியாவோ, சிங்கப்பூரோ, இந்தியாவோ? எது நல்லம்?"

சுற்றியிருந்த நாலு பேர் நாலு நாடு சொன்னார்கள். ஒருவர் பாங்கொக்தான் மலிவு என்றார். இன்னொருவர் சிங்கப்பூரைப் போல துப்புரவான ஊர் இல்லை என்றார். கடற்கரை, கடைத்தெரு, மிருகக்காட்சிசாலை எல்லாம் வந்தது. அம்மாவின் முழங்கால் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரைச்சலில் நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இங்கே எழுதினால் அவவைப் போன்ற மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைத்தேன்.

முதலில் என் கதை. நான் 1989இல் இந்த நாட்டுக்கு வந்தவன். ஒன்பது வருடம் கழித்து 1998இல்தான் அம்மா அப்பாவைக் கண்டேன், திருச்சியில். அப்போது யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லை. அவர்கள் பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, லொட்ஜில் நாட்கணக்காகக் கிடந்துதான் விமானம் ஏறினார்கள். திருச்சி விமான நிலைய வாசலில் ஒரு மெலிந்த கிழவர் என்னைத் தாண்டிப் போனார். அவருடைய நடையைப் பார்த்த பிறகுதான் அப்பா என்று விளங்கியது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் மடைத்தனம். ஒன்பது வருடக் கடனைப் பன்னிரண்டு நாளில் அடைக்கப் பார்த்தேன். வாடகைக் கார் பிடித்து சிறீரங்கம், சமயபுரம், தஞ்சாவூர், மதுரை, பழனி, திருச்செந்தூர் என்று ஒரு பட்டியல் போட்டேன். ஐந்தாம் நாள் அம்மாவின் கால் வீங்கிவிட்டது. மகளுக்கு அப்போது ஐந்து வயது, தமிழ் பாதிதான் விளங்கும், காரில் சத்தி எடுத்தபடியே வந்தாள். எட்டாம் நாள் விடியற்காலை நான் கார்க்காரனுக்குப் போன் பண்ணப் போக, அப்பா கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "இருந்து கதைப்பம் தம்பி. கோயில் எங்கை போகப்போகுது?"

மிச்ச நாலு நாளும் அந்த அறையைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. இன்றைக்கும் எனக்கு நினைவில் நிற்பது அந்த நாலு நாள்தான். அப்பா 2003இல் காலமானார். அதற்குள் இரண்டாம் முறை நாங்கள் சந்திக்கவில்லை.

ஆகவே இடத்தைத் தெரிவு செய்வது உல்லாசப் பயணக் கணக்கு இல்லை. எங்களில் பலருக்கு அது ஒரே ஒரு சந்திப்பு.

சிலர் கேட்பார்கள், ஏன் மூன்றாவது நாடு, நேரே ஊருக்கே போய்வரலாமே என்று. யுத்தம் முடிந்தது 2009இல், ஆட்கள் போய் வருகிறார்கள்தானே என்பார்கள். போய்வருகிறவர்கள் பெரும்பாலும் ஜேர்மன் குடியுரிமை எடுத்தவர்கள். நீலப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், சொந்த நாடு தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று எழுதியிருக்கும். 2024 ஒக்ரோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றம் இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. அகதியாக ஏற்கப்பட்டவர் சொந்த நாட்டுக்குப் போனால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும். தார்மீக ரீதியில் தவிர்க்க முடியாத காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. நெருங்கிய உறவினரின் கடும் நோய், மரணம் போன்றவை அதில் அடங்கலாம். அதையும் ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். போவதை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். ஒரு சட்டத்தரணியிடம் கேட்காமல் அந்தப் பக்கம் காலடி வைக்காதீர்கள்.

அதேபோல், விசா சுலபம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இலங்கைக் கடவுச்சீட்டை எடுக்கவோ புதுப்பிக்கவோ போகாதீர்கள். சொந்த விருப்பத்தில் அதைச் செய்தால் அகதி அந்தஸ்தே அற்றுப்போகலாம்.

இன்னொரு பொறி விமான ரிக்கெற்றில் இருக்கிறது. சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ மலிவாக ஒரு ரிக்கெற் கண்ணில் படும். உற்றுப் பார்த்தால் கொழும்பில் இறங்கி மாறவேண்டும். நூறு யூரோ மிச்சம் பிடிக்க அந்த வழியை எடுக்க வேண்டாம்.

பெற்றோரை இங்கேயே கூப்பிட முடியாதா என்றால், முடியும், முயன்று பாருங்கள். சுற்றுலா விசாவில் 90 நாள் வரை நிற்கலாம். நீங்கள் பொறுப்பேற்புப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும், சம்பளம் காட்டவேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஆனால் திரும்பிப் போவார்கள் என்று நம்பக் காரணம் இல்லை என்று சொல்லி மறுக்கப்பட்டவர்கள் எங்களுக்குள்ளேயே எத்தனை பேர்! முன்பு தூதரகத்துக்கு ஒரு ஆட்சேபக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை முதல் அந்த வழி நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பேர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். அதனால்தான் மூன்றாவது நாடு.

அந்த நாட்டைத் தெரிவு செய்யும்போது, யாருக்கு விசா கடினம் என்பதிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் "விசா தேவையில்லை" என்று போட்டிருப்பது ஜேர்மன் கடவுச்சீட்டுக்காரருக்கு. உங்களுடைய நீலப் புத்தகத்தை ஜேர்மனி தந்திருந்தாலும் நீங்கள் ஜேர்மன்காரர் இல்லை. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நான்குமே 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடுகள். ஆகவே எந்த நாடானாலும், அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதி, இந்தப் புத்தகத்துக்கு என்ன விசா, எத்தனை நாள் எடுக்கும் என்று பதிலை எழுத்தில் வாங்குங்கள். விமான நிலையத்தில் அந்தக் கடிதம் உதவும். ஒரே குடும்பத்தில் தகப்பனிடம் நீலப் புத்தகம், தாயிடம் வேறு, இங்கே பிறந்த பிள்ளையிடம் ஜேர்மன் கடவுச்சீட்டு என்றும் இருக்கும். எனக்கு 1998இல் மனைவி, மகள் இருவரின் விசாவும் வந்து, என்னுடையது மட்டும் மூன்று கிழமை பிந்தியது. ரிக்கெற்றை மாற்றி எடுத்ததில் போன பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. விசா கையில் வரும்வரை ரிக்கெற்றுக்குக் காசு கட்டாதீர்கள்.

இன்னும் தஞ்சக் கோரிக்கை முடியாதவர்களும் டுல்டுங் வைத்திருப்பவர்களும் இந்தக் கதையில் சேரமாட்டார்கள். டுல்டுங் நாட்டைவிட்டு வெளியேறியதும் செல்லாமல் போய்விடும். ஜொப்சென்ரர் பணத்தில் இருப்பவர்கள் புறப்பட முன்னமே அனுமதி கேட்கவேண்டும், வழமையில் ஆண்டுக்கு மூன்று கிழமைதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூட லீவு தொடங்க இரண்டு நாள் முன்னதாக "காய்ச்சல்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் கவனம். தண்டம் வரும். பவேரியாவில் விமான நிலையத்திலேயே பொலிஸ் பிடித்துக் கேட்டிருக்கிறது.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

அம்மா அப்பாவின் மனத்தைக் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் தமிழ்நாடு என்றுதான் சொல்வார்கள். சிதம்பரத்தைக் காணாமல் கண் மூடக்கூடாது என்று நினைக்கிற தலைமுறை அது. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்துக்கு முன்பிருந்தே எங்கள் ஆட்களுக்கு அந்த ஊரோடு தொடர்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பெரிய வசதி, பலாலி. சென்னைக்கான விமானம் 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஓடத்தொடங்கியது. எழுபது வயது ஆட்களை இரவிரவாகக் கொழும்புக்கு பஸ்ஸில் ஏற்றாமல் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னையில் இறக்கிவிடலாம். அவர்களுக்கு இ-விசாவும் உண்டு. உங்களுக்கு அந்த இ-விசா சரிவராது, தூதரகத்துக்கூடாக வழமையான விசாதான். இலங்கையில் பிறந்தவர் என்றால் நாட்களும் கூடும். நாலைந்து மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். காலநிலையையும் பாருங்கள். ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பிறகு சென்னைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை தொடங்கும். ஈஸ்ரர் லீவில் போனால் வெயில்.

சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். அதாவது பெற்றோர் பக்கம் அலைச்சல் இல்லை, உங்கள் பக்கம்தான் விசாரிக்கவேண்டும். தெரு சமதரை, ரயில் நிலையங்களில் லிப்ற் இருக்கிறது, சக்கர நாற்காலியும் உருளும். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. காலையில் தமிழ் முரசு வாங்கி அப்பாவின் கையில் கொடுக்கலாம், 1935இல் தொடங்கிய பத்திரிகை. சிலோன் றோட்டில் எங்கள் ஆட்கள் கட்டிய செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. குறை ஒன்றுதான், விலை. ஆறு பேர் பத்து நாள் ஹோட்டலில் தங்கினால் ஜேர்மனியின் விலையே மலிவாகத் தோன்றும். அம்மாவின் தூக்க மாத்திரை, கோடீன் சேர்ந்த நோ மாத்திரை போன்றவற்றுக்கு முன் அனுமதி கேட்பார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். பிள்ளைகளின் பையில் சூயிங்கம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அதைக் கொண்டுபோகத் தடை.

என்னைக் கேட்டால் நான் கோலாலம்பூர்ப் பக்கம்தான் சாய்வேன். சிங்கப்பூரைவிடச் செலவு குறைவு, தமிழும் சோறும் தாராளம். பெற்றோர் இ-விசா எடுக்கவேண்டும். பிறிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் இட்டலிக்கடையும் மரக்கறிக்கடையும் நடந்து போகிற தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்தார் ரயில்வேக்கும் கந்தோர் வேலைக்கும் மலாயா போனவர்கள். "மலாயன் பென்சனியர்" என்று ஊரில் சொல்லக் கேட்ட அப்பாமாருக்கு அந்த ஊர் அந்நியமில்லை. ஸ்கொட் றோட்டுக் கந்தசுவாமி கோயிலை அந்த யாழ்ப்பாணத்தார்தான் கட்டினார்கள். பூசை நேரம் அங்கே போய் நின்றால் அம்மாவுக்கு ஊர்க் கோயிலில் நிற்பதுபோல இருக்கும்.

பத்துமலைக்கும் போகத்தான் வேண்டும். நகரின் நடுவிலிருந்து ரயில் கோயில் வாசலடிக்கே போகிறது. 2006இல் திறந்த 42.7 மீற்றர் முருகன் சிலையைக் கீழே நின்றே கும்பிடலாம். குகைக்கு 272 படி. பிள்ளைகள் ஏறட்டும், நீங்கள் அம்மாவோடு கீழே நில்லுங்கள். அவ ஏறுவன் என்று அடம்பிடிப்பா. விடாதீர்கள்.

தாய்லாந்தைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. 2024இல் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா விலக்குக் கொடுத்தார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் போகும் மாதத்து விதியைப் பாருங்கள். பாங்கொக்கில் சீலோம் வீதியில் ஒரு பழைய மாரியம்மன் கோயில் உண்டு. ஆனால் மச்சம் சாப்பிடாத தாய் தகப்பனுக்கு மீன் சாறு கலக்காத சாப்பாடு தேடுவதிலேயே நாள் போய்விடும். பாஷையும் இல்லை. இளம் சோடிகளுக்கு நல்ல ஊர்.

எந்த ஊரானாலும் ஒரே இடத்தில் தங்குங்கள். குசினி உள்ள வீடாக எடுங்கள். திருச்சியில் கடைசி நாலு நாளும் லொட்ஜ்காரர் ஒரு மண்ணெண்ணெய் அடுப்புத் தந்தார். அம்மா ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிளகாய்த்தூளில் குழம்பு வைத்தா. மகள் அவவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெங்காயம் உரித்தாள். இவள் டொச்சில் ஏதோ சொல்ல, அவ தமிழில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். மொழிபெயர்க்க நான் போகவில்லை. இப்போது முப்பது வயது தாண்டிவிட்ட மகளுக்கு அப்பம்மா என்றால் அந்த மண்ணெண்ணெய் மணம்தான்.

வந்த முதல் நாளும் போகிற முதல் நாளும் ஒரு ஒழுங்கும் வைக்காதீர்கள். பெற்றோர் உங்களுக்கு ஒரு நாள் முன்னதாக வந்து தனியே நிற்காதபடி விமான நேரத்தைப் பாருங்கள். அவர்களுக்கும் பயணக் காப்புறுதி எடுங்கள், மருந்துச் சிட்டையின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். உங்கள் வதிவிட அனுமதி அட்டையை நீலப் புத்தகத்தோடு சேர்த்துக் கொண்டுபோங்கள், இரண்டும் இல்லாமல் திரும்பி ஏற விடமாட்டார்கள். எல்லோருடைய புத்தகமும் பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கவேண்டும்.

இதையெல்லாம் அந்தத் தங்கச்சிக்கு ரெலிபோனில் சொன்னேன். போன கிழமை திரும்ப எடுத்தா. கோலாலம்பூர் என்று தீர்மானித்து, தூதரகத்துக்கு எழுதிவிட்டார்களாம். தாயாருக்குச் சிதம்பரம்தான் ஆசை, அது அடுத்த முறை பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறா. ஆறு மாதக் கணக்கைப் பார்த்தபோதுதான் தகப்பனின் கடவுச்சீட்டு வருகிற பெப்ரவரியில் முடிகிறது என்று தெரிந்ததாம். "அப்பா நாளைக்கு அதைப் புதுப்பிக்கப் போறார் அண்ணை, இப்பவே புதுச் சேட்டு தைக்கக் குடுத்திட்டார்" என்றா.