மரக்காணத்தில் பாறை ஏது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? வழியில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரும். பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் தெரியும். கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் நிற்கும். அந்த மண்ணில் ஓடும் ஒரு ஜீப்புக்குப் பக்கவாட்டில் எதை மாட்டுவது என்பதைப் பற்றி இந்த மாதம் பேசப் போகிறேன். "இதுவும் ஒரு விஞ்ஞானமா?" என்று சிரிக்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் சிலரை உப்பளம் காட்ட அழைத்துப் போனேன். நண்பர் ஒருவர் தம் ஜீப்பைக் கொடுத்துத் தாமும் உடன் வந்தார். திரும்பும்போது, உப்பு வாரி முடித்துக் களைத்து நின்ற ஒரு மூதாட்டியைச் சாலைவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று அழைத்தோம். அந்த அம்மாள் படியில் கால் வைத்தார். படி மடங்கிச் சரிந்தது. முழங்காலுக்குக் கீழே நல்ல காயம். காயத்தோடு உப்புநீரில் நிற்க முடியுமா? ஒரு வாரம் அவருக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

ஒடிந்த படியைத் திருப்பிப் பார்த்தேன். மேலே பளபளவென்று கறுப்பு வண்ணம். உள்ளே இரும்புக்குப் பதில் துரு. அதே படியில் கால் வைத்துத்தான் காலையில் நானும் ஏறினேன். இயற்பியல் கற்பிக்கிற எனக்கு ஒருமுறை குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நண்பர் உடனே, "இனிப் படியே வேண்டாம். ராக் ரெயில் மாட்டிவிடுகிறேன். யானை மிதித்தாலும் வளையாது" என்றார். அவர் முடிவு சரியா? அதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

படி என்பது ஆள் ஏறுவதற்காக. கதவுக்குக் கீழே, தரைக்கும் வண்டிக்கும் நடுவில் தொங்கும். ராக் ரெயில் என்பது கதவடித் தகட்டைப் பாறையிலிருந்து காப்பதற்காக. கனமான இரும்புக் குழாயை வண்டியின் அடிச்சட்டத்தோடு, அதாவது சேஸியோடு, இறுக்கமாகப் பிணைத்திருப்பார்கள். அதிகம் கீழே தொங்காது. வண்டி பாறையில் அமர்ந்துவிட்டாலும் எடையைத் தாங்கி, வழுக்கிக்கொண்டு இறங்க உதவும்.

இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர், சட்டத்திலிருந்து 15 செ.மீ. வெளியே நீண்ட படியில் நிற்கிறார். விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும்: 70 × 9.8 × 0.15, அதாவது ஏறத்தாழ 103 நியூட்டன்-மீட்டர். இப்போது 1700 கிலோகிராம் நிறையுள்ள வண்டி ஒன்று ஒருபக்கமாகப் பாறைமேல் சாய்ந்து, பாதி எடை அதே இடத்தில் விழுகிறது என்று கொள்வோம். திருப்புத்திறன் ஏறத்தாழ 1250 நியூட்டன்-மீட்டர். பன்னிரண்டு மடங்கு! படியை நம்பிப் பாறையில் இறங்கினால் படியும் போகும். அது மடங்கிக் கதவடியையும் நசுக்கும்.

"அப்படியானால் ராக் ரெயில்தானே மேல்?" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். அந்தச் சாதனம் எங்கே பிறந்தது? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரூபிகான் பாதை கருங்கல் நிறைந்தது. யூட்டா மாநிலத்து மோவாப் மணற்பாறைக்குப் பேர்போனது. அங்கே பாறைமேல் ஊர்ந்து போவதே ஒரு விளையாட்டு. நம் பக்கத்திலும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதையில் ஜீப் ஓட்டுபவருக்கு அது பயன்படும். ஆனால் மரக்காணத்தில் பாறை ஏது? அங்கே உள்ளது களிமண், மணல், வரப்பு, உப்புநீர். பிறருடைய கேள்விக்குக் கிடைத்த விடையை நம் கேள்விக்கு எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

மரக்காணத்தின் உண்மையான எதிரி உப்பு. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான். பாத்தியில் வெயிலில் காய்ந்து உப்பு படியத் தொடங்கும்போது அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்கை எட்டிவிடும். சக்கரம் வாரி அடிக்கும் சேறு அந்த நீரைத்தான் வண்டியின் அடியில் பூசுகிறது.

இரும்பு துருப்பிடிப்பது ஒரு சிறிய மின்கலத்தின் வேலை. இரும்பு எலெக்ட்ரான்களை இழக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன், நீரின் துணையோடு அவற்றை ஏற்கிறது. நடுவே மின்சுற்றை நிறைவு செய்வது நீர். உப்பு கலந்தால் அந்த நீர் நன்றாக மின்சாரம் கடத்தும். துருவும் விரைந்து பரவும். "வண்டி காய்ந்துவிட்டதே, இனி என்ன?" என்று நினைக்காதீர்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரம் இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரை இரவுகளில் இது சர்வசாதாரணம். பகலில் காய்ந்த உப்புப் படலம் இரவில் மீண்டும் நனைகிறது. நாம் தூங்கும்போதும் துரு தூங்குவதில்லை!

இந்தத் துரு படியையும் விடாது, ராக் ரெயிலையும் விடாது. வாய் திறந்த குழாய்க்குள் சேறு புகுந்து தங்கினால் எவ்வளவு தடித்த இரும்பும் மெல்ல உள்ளிருந்து கரையும். சேஸியில் வெல்டிங் வைத்தாலோ, அந்தச் சூட்டில் சட்டத்தின் உட்புற வண்ணம் கருகி, துரு நுழையப் புது வாசல் திறக்கும். ராக் ரெயில் மாட்டுவதால் நண்பரின் தொல்லை தீராது; கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். தவிர, அது உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும். அந்த மூதாட்டி அதில் கால் வைத்து ஏறுவது எப்படி?

ஆகவே என் கருத்து இது. உப்பளத்துக்குத் தினமும் ஆட்களை ஏற்றிச்செல்லும் வண்டிக்குப் படிதான் வேண்டும். அது அலங்காரப் படியாக இருக்கக்கூடாது. சேஸியோடு போல்ட் போட்டு முடுக்கியதாக, துத்தநாகம் பூசியதாக, நீரும் சேறும் தங்காமல் வழிந்தோடும் துளையிட்ட தகடாக இருக்க வேண்டும். தேவைக்கு மேல் தாழ்வாகவும் தொங்கக்கூடாது. தொங்கினால் வரப்பைத் தாண்டும்போது அதுவே முதலில் இடிக்கும். சேற்றில் ஏர்போல உழும்.

எப்போதாவது ஒரு முதியவர் ஏறும் வண்டியா? ஒரு மரப்பெட்டியை உள்ளே வைத்திருங்கள். ஏறும்போது கீழே வைத்து எடுத்துக்கொள்ளலாம். முக்காலி வேண்டாம், அதன் மெல்லிய கால்கள் ஈரமண்ணில் இறங்கிவிடும். அடிப்பரப்பு அகன்றால் அழுத்தம் குறையும் என்பது உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே!

எதை மாட்டினாலும் நல்ல தண்ணீரால் அடிப்புறத்தைக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்னும். துரு தின்றது மொத்தென்று ஒலிக்கும்.

அழகுக்காக மாட்டுவது யாரை என்ன செய்யும் என்று கேட்பது நம் கடமை. வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புக் காப்புகள் நடந்து செல்வோருக்கும் உள்ளே இருப்போருக்கும் ஆபத்து என்பதால், அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது நினைவிருக்கட்டும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். மூன்று இரும்பு ஆணிகளை எடுங்கள். ஒன்றைக் குடிநீரிலும், ஒன்றைக் கெட்டியான உப்புநீரிலும் முழுக மூழ்க வையுங்கள். மூன்றாவதைத் தினமும் ஒருமுறை உப்புநீரில் நனைத்து வெளியே காயவிடுங்கள். பத்து நாள் கழித்து எது அதிகம் துருப்பிடித்திருக்கிறது, ஏன் என்று எழுதுங்கள். பிறகு ஒரு தடித்த புத்தகத்தைக் கூரைபோலக் கவிழ்த்து, பொம்மைக் காரை அதன் முகட்டைக் கடக்கவிடுங்கள். காரின் இருபுறமும் அடியில் தீக்குச்சிகளைக் கீழே தொங்கும்படி ஒட்டி மறுபடி விடுங்கள். முன்பு கடந்த முகட்டில் இப்போது எது தட்டுகிறது?

நண்பர் ராக் ரெயில் வாங்கவில்லை. துளையிட்ட படி ஒன்றைப் பட்டறையில் செய்து மாட்டினார். மாட்டிய அன்று அதில் முதலில் ஏறியவன் நான்தான். ஏறுமுன் இந்த முறை குனிந்து பார்த்தேன். நாளை உங்கள் வீட்டில் ஒரு வண்டிக்கு எதையாவது வாங்கப் பேச்சு எழும்போது நீங்களும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த மண்ணுக்காகச் செய்யப்பட்டது? நம் மண் எது? இதில் கால் வைக்கப் போவது யார்?