பவர் போயிடுச்சு சார்!

பொருட்காட்சியில் பலூன் சுட்டுத் தோற்றவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரே காரணம், "துப்பாக்கி சரியில்லை சார்!" அதே துப்பாக்கியை வாங்கிக் கடைக்காரர் சுட்டால் மட்டும் பலூன் 'பட்'டென்று வெடிக்கிறதே, எப்படி? அவருக்குத் தன் துப்பாக்கியின் குணம் தெரியும். இடது பக்கம் இழுக்கிறதா, வலது பக்கமா என்று தெரிந்து குடித்தனம் நடத்துகிறார். அவ்வளவுதான் ரகசியம்.

எங்கள் காலனியில் நான் ஏர் கன் வைத்தியர். (ஃபீஸ் கிடையாது. காபி உண்டு.) வருகிற நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே வியாதி: "பவர் போயிடுச்சு. ஸ்ட்ராங்கா ஒரு ஸ்பிரிங் போடணும்."

போன மாதம் எதிர் பிளாக் கல்லூரிப் பையன் ஒரு பழைய துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"அங்கிள், மாமா ஊர்லேர்ந்து குடுத்தார். சுட்டா 'டொய்ங்'னு சத்தம் மட்டும்தான் வருது. பெரிய ஸ்பிரிங்கா போட்டுடலாமா?"

"எதைச் சுடப் போறே?"

"மாடித் தோட்டத்துல கொய்யாவைக் கிளி கொத்துது அங்கிள்..."

இந்த மாதிரி வழக்குகளில் நான் எப்போதும் கிளியின் வக்கீல். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். கொய்யா போனால் மறுபடி காய்க்கும். கேஸ் வந்தால் பாஸ்போர்ட், வேலை எல்லாவற்றையும் கொத்திவிடும். பையன் கொஞ்சம் யோசித்து, "அப்ப பேப்பர்ல சுடறேன்" என்று இறங்கி வந்தான். வைத்தியம் ஆரம்பம்.

இந்தத் துப்பாக்கிக்குள் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. சைக்கிள் பம்பில் கை செய்கிற வேலையை இங்கே ஸ்பிரிங் செய்கிறது. குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய், ஸ்பிரிங் சுருங்கி மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்க, அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. ஆகவே 'பவர் போச்சு' என்றால் பல சமயம் காற்று எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். பஞ்சரான டியூபுக்குப் பெரிய பம்ப் வாங்கி என்ன பிரயோஜனம்?

முதலில் ஸ்க்ரூ. கட்டையையும் இரும்பையும் பிடித்திருக்கிற மூன்று நாலு ஸ்க்ரூக்கள் ஒவ்வொரு சூட்டிலும் அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அவை ஆடினால் குறியும் ஆடும். பையனின் துப்பாக்கியில் ஒன்று காணவே காணோம்!

அடுத்தது ஒழுக்கு. குழல் மடங்கி மூடுகிற இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம், ஓ-ரிங், இருக்கும். அந்த இணைப்பின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்து, குண்டு போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். பேப்பர் பறந்தால் ஒழுக்கு. எங்கள் பேப்பர் தீபாவளி ராக்கெட் மாதிரி பறந்தது. வளையம் அப்பளமாக நசுங்கியிருந்தது. அதே அளவில் புதுசு ஒன்று, விளிம்புக்கு மேல் மயிரிழை தூக்கலாக நிற்கிற மாதிரி போட்டேன்.

"மாமா எண்ணெய் கிண்ணெய் விட்டாரா?"

"தையல் மிஷின் எண்ணெய் நிறைய விட்டார் அங்கிள். மொதல்ல புகையோட 'டமார்'னு வெடிச்சுது. செம பவர்!"

அது பவர் இல்லை, மரண ஓலம். நெருக்கப்பட்ட காற்று சூடாகி எண்ணெயைக் கொளுத்துகிறது. டீசல் இன்ஜினில் நடப்பதும் இதுதான். ஆனால் இன்ஜின் அதற்கென்றே பிறந்தது. இங்கே பிஸ்டன் முனை வாஷர் பொசுங்குகிறது. தோல் வாஷருக்கு எப்போதாவது ஓரிரு சொட்டு தகும். சிந்தெடிக் வாஷருக்கு அதுவும் வேண்டாம்.

ஆகவே உள்ளே பார்த்தே ஆக வேண்டும். பையன் உற்சாகமாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின்பக்க மூடிக்கு நேராக முகத்தை வைத்தான். தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினேன். சுடாத துப்பாக்கியிலும் ஸ்பிரிங் பாதி சுருங்கித்தான் உட்கார்ந்திருக்கிறது. பிடிப்பு விட்டால் அந்த இரும்பு மூடி நேராகக் கண்ணுக்கு வரும். தச்சர்கள் பலகை ஒட்ட உபயோகிக்கிற நீளமான கிளாம்ப்பில் மாட்டி, மெதுவாகத்தான் தளர்த்த வேண்டும். கிளாம்ப் இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைப் பார்க்கவும்.

வெளியே வந்த ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேஜையில் உருட்டினேன். கோணல் இல்லை, உடையவில்லை. மாற்ற வந்த சாமான் நல்ல ஆரோக்கியம்! வாஷர்தான் ஓரம் கருகியிருந்தது. மாற்றினோம். சிலிண்டர் பிளவின் பிசிறை மெல்லிய அரத்தால் ராவினோம். இல்லாவிட்டால் புது வாஷரைப் பிளேடு மாதிரி சீவிவிடும். பழைய எண்ணெயைத் துடைத்து, பிஸ்டன் பக்கவாட்டில் மாலிப்டினம் கிரீஸ், ஸ்பிரிங்குக்கு ஒட்டுகிற கெட்டி கிரீஸ், இரண்டும் சந்தனம் தடவுகிற மாதிரி லேசாக. 'டொய்ங்' போய், 'டப்' என்று ஒரு அடக்கமான சத்தம் வந்தது.

"பவர் கூடிச்சா அங்கிள்?"

2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்த 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகளின் சக்தி சுமார் ஏழரை ஜூல்தான். ஸ்பிரிங் கிடையாது, காற்று அடைத்த சிலிண்டர். அங்கே பத்து மார்க் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்! ஜெயிப்பது பலம் அல்ல, அதிராமை. நம் ஊர் சட்டமும் இதையேதான் விரும்புகிறது. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டரையோ சக்தி 20 ஜூலையோ தாண்டினால் லைசென்ஸ் வேண்டும்.

பத்தியம் சில. குண்டு போடாமல் சுடக்கூடாது. காற்றணை இல்லாமல் பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் முட்டும். மடக்கி வைத்து மறந்துவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது, ஸ்பிரிங் தளரும். குண்டு போடும்போது இன்னொரு கையால் குழலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விசை நழுவினால் குழல் எகிறி மூடும், நடுவில் இருக்கிற விரல் போகும். குழலைச் சுத்தம் செய்யக் கம்பி வேண்டாம், தூண்டில் நரம்பில் துணி கட்டி இழுத்தால் போதும். குண்டு ஈயம், ஆகவே சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவும். இலக்குக்குப் பின்னால் வெறும் சுவர் கூடாது. பழைய துணி அடைத்த பெட்டி வேண்டும், சுவரில் பட்ட குண்டு திரும்பி வரும். குழந்தைகள் உள்ள வீடென்றால் பூட்டு கட்டாயம்.

பையன் இப்போது தினம் சாயங்காலம் மாடியில் பேப்பர் சுடுகிறான். கட்டையை இறுக்காமல் தளர்வாகப் பிடி என்றேன், ஸ்பிரிங் துப்பாக்கி தன் இஷ்டத்துக்கு ஒரு குலுங்கு குலுங்கித்தான் ஆகும். போன ஞாயிறு அஞ்சு குண்டையும் பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடக்கிவிட்டு, பேப்பரைக் கொண்டுவந்து காட்டினான். கூடவே அவன் அம்மா கொடுத்தனுப்பிய இரண்டு கொய்யாப்பழம். ஒன்றில் கிளி கொத்தின வடு இருந்தது.

அதுதான் இனிப்பு.