ஆதுலசாலைப் படி

அரசனுக்கு நாடி பார்ப்பவரின் அதிர்ஷ்டமே தனி. ஹங்கேரியையும் போலந்தையும் சேர்த்து ஆண்ட லூயி மன்னருக்கு வைத்தியராக இருந்த யான் ராட்லிட்சா, 1382இல் கிராக்கோவ் நகரின் ஆயராகவே ஆகிவிட்டார் என்று படித்தேன். உடனே நம் திருமுக்கூடல் ஞாபகம் வந்தது. பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர். அங்கே வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையின், அதாவது மருத்துவமனையின், செலவுக் கணக்கைப் புட்டுப்புட்டு வைக்கிறது. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அவர் பெயர் கல்லில் நிலைத்தது நியாயம்தான். ஆனால் என் கண் அடுத்த வரிகளில்தான் நின்றது: அறுவை செய்பவர், மூலிகை பறித்து வருபவர்கள், மருந்து காய்ச்சி நோயாளியைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் என்று பெயர் தெரியாத இத்தனை பேருக்கும் படி எழுதியிருக்கிறார்கள், இரவு விளக்குக்கு எண்ணெய் உட்பட. ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்காரும் காலத்தில் இதைப் படித்தால் உறுத்தத்தானே செய்யும்? மன்னரைக் கவனித்தவருக்குப் பதவி தானாகத் தேடி வரும். கஷாயம் காய்ச்சுகிறவருக்குப் படி குறையாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் ஆட்சிக்கு அழகு.