அசல் சான்றிதழ் நம் கையில் இருக்கட்டும்

நர்சிங் முடித்த நம் பிள்ளைகளுக்கு முதல் வேலை சொந்த ஊரில் கிடைப்பது அரிது. சென்னை, கோவை, பெங்களூரு என்று பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது. ஊர்த்தெருவில் நம்மிடமிருந்து விலகி நடப்பவர், மருத்துவமனைப் படுக்கையில் நம் பிள்ளை நாடி பார்க்கக் கையை நீட்டுகிறார். அந்த வெள்ளைச் சீருடைக்காக நம் குடும்பங்கள் எதையெல்லாம் அடகு வைத்தன என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் வேலையில் சேரும் அன்றே பல தனியார் மருத்துவமனைகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஓராண்டு, இரண்டாண்டு என்று பாண்டில் கையெழுத்தும் கேட்கின்றன. நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டுமாம். வேலை கிடைத்ததே பெரிது என்று நாமும் கொடுத்துவிட்டு வருகிறோம். இனி அப்படிக் கொடுக்கக் கூடாது என்பதே நம் கருத்து.

எம்.எஸ்சி. நர்சிங் சேர, செவிலியர் கவுன்சில் பதிவும் பி.எஸ்சி.க்குப் பிறகு ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். ஜி.என்.எம். படித்தவர்கள் முதலில் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிக்க வேண்டும். மேற்படிப்பு, அரசு வேலை, வெளிநாட்டு வேலை எல்லாவற்றுக்கும் அசல் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். அது யாரோ ஒருவரின் பீரோவில் கிடந்தால் மூன்று வழியும் அடைபடும். பண்ணையில் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. சான்றிதழைக் கொடுத்துக் கட்டுப்படுவதை நாம் வேறு எப்படிப் பார்ப்பது?

"பயிற்சி கொடுக்கிறோம், ஆறே மாதத்தில் ஓடிவிடுகிறார்கள்" என்கின்றன நிர்வாகங்கள். குறைந்த சம்பளத்துக்கு யார் நிலைத்திருப்பார்கள்? உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தரச் சொன்னது. அதைக் கொடுத்துவிட்டு விசுவாசம் பற்றிப் பேசட்டும்.

கல்லூரிகளும் சளைத்தவை அல்ல. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தாமதமானால் கட்டணப் பாக்கி என்று சொல்லிச் சான்றிதழை நிறுத்திவைக்கின்றன. சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகங்கள் இதைக் கல்லூரிகளுக்கு நினைவூட்ட வேண்டும். உதவித்தொகையையும் கல்வியாண்டு முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

தங்கைகளே, தம்பிகளே, வேலைக்குச் சேரும்போது அசலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் திரும்ப வாங்குங்கள், நகலை மட்டும் கொடுங்கள். நியமன ஆணையைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும், அனுபவத்துக்கு அதுவும் ஒரு சாட்சி. நகரத்தில் வீடு தேடும்போது சாதி கேட்பார்கள். அதனால் முன்பே அங்கு போன நம் பிள்ளைகளிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். வெளிநாடு போக நினைத்தால் தரகரிடம் பணம் கட்டும் முன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். வெளிநாட்டில் முதுகலை, முனைவர் படிப்புக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. 35 வயதுக்குள், 60 சதவீத மதிப்பெண்ணுடன், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியலின மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்.

நம் வீட்டின் முதல் செவிலியர் வார்டோடு நின்றுவிடக் கூடாது. நாளை அவர் நர்சிங் கல்லூரியில் பேராசிரியராக வேண்டும், அடுத்து வரும் நம் பிள்ளையின் சான்றிதழை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.